நாங்கள் சேர்த்த பொம்மைகள்

பொம்மை என்றதும் குழந்தையின் நினைவு வருவது இயல்பு. ஆயினும், விளையாடும் பருவத்தைக் கடந்தவர்களுக்கென்றே செய்யப்படும் பொம்மைகளும் உலகில் உண்டு. ஓவியர் ஒருவர் தம் கற்பனையில் தோன்றிய உருவத்தை மென்மையான வினைல் பிளாஸ்டிக்கில் வார்த்து, 100 அல்லது 500 படிகள் மட்டும் எடுத்து, அத்துடன் நிறுத்திக்கொள்வார். கடைக்காரர்கள் அவற்றை 'டிசைனர் டாய்' என்றும் 'ஆர்ட் டாய்' என்றும் அழைப்பர். இக்கட்டுரையில் கலைப் பொம்மை என்றே சொல்லிச் செல்கிறோம். அவற்றின் பெட்டிமீது பெரும்பாலும் '15 வயதுக்கு மேற்பட்டோருக்கு' என்று அச்சிட்டிருக்கும். பொம்மைக்கு இப்படியோர் எச்சரிக்கையா என்று முதன்முதல் கண்டபோது நகைத்தோம். அதன்பின் 17 ஆண்டுகள் அவற்றைச் சேர்த்தோம்.

பிழைப்பை முன்னிட்டு 2006 இல் ஹாங்காங் சென்ற தம்பதியர் நாங்கள். 2024 இறுதியில் திருச்சிக்குத் திரும்பினோம். ஒரே மகள், அங்கே பிறந்தவள். இங்கு 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் இருவரும் ஒத்துக்கொண்டவை. ஒத்துக்கொள்ளாதவற்றை 'எங்களுள் ஒருவர்' என்று எழுதுகிறோம். அந்த ஒருவர் கணவரா மனைவியா என்று ஊகிக்கும் பொறுப்பை வாசகரிடமே விட்டுவிடுகிறோம்.

ஹாங்காங்கில் வாழாதிருந்தால் இப்பொம்மைகளை நாங்கள் அறிந்தே இருக்கமாட்டோம். 1970களிலும் 80களிலும் உலகக் குழந்தைகள் கையில் இருந்த பிளாஸ்டிக் பொம்மைகளில் பெரும்பகுதி அவ்வூரிலிருந்து சென்றவை. தொழிற்சாலைகள் மட்டுமல்ல, வீடுகளும் உழைத்தன. நம் ஊர்களில் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுவதுபோல, அங்கே குடும்பம் முழுவதும் மேசையைச் சுற்றி அமர்ந்து பிளாஸ்டிக் பூக்களைக் கோத்தது. பொம்மைகளுக்கு வண்ணம் பூசியது. எங்கள் மாடியில் குடியிருந்த மூதாட்டி, தம் இளமையில் பொம்மைகளுக்குக் கண் எழுதியதாகக் கூறினார். நாள் முழுவதும் இடக்கண் மட்டுமே எழுதுவாராம். வலக்கண் அவர் தங்கையின் பங்கு. எவருடைய குழந்தைக்காக எழுதினோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அப்பொம்மையின் எப்பகுதியிலும் அவர்கள் பெயர் இராது.

பிற்காலத்தில் தொழிற்சாலைகள் சீனப் பெருநிலத்துக்கு இடம் பெயர்ந்தன. பொம்மைகளின் நடுவே வளர்ந்த தலைமுறை மட்டும் ஹாங்காங்கிலேயே தங்கியது. அத்தலைமுறையைச் சேர்ந்தவர் மைக்கேல் லாவ் என்னும் ஓவியர். 1964 இல் அமெரிக்காவில் பிறந்த 'ஜி.ஐ. ஜோ' என்ற 12 அங்குலப் போர்வீரப் பொம்மையை எடுத்து, அதன் சீருடையைக் களைந்து, ஹாங்காங் இளைஞர் அணியும் தொளதொளத்த காற்சட்டையும் காலணியும் மாட்டி, உள்ளூர் இசைக்குழு ஒன்றின் இசைத்தட்டு உறைக்காக அவர்களின் உருவங்களைச் செய்தார். 1998 இல் வார இதழ் ஒன்றில் 'கார்டனர்' என்ற சித்திரத் தொடரை வரைந்தார். மறு ஆண்டு, அத்தொடரின் மாந்தர்களை 99 பொம்மைகளாக்கி ஹாங்காங் கலை மையத்தில் காட்சிக்கு வைத்தார். பொம்மைக் கடையில் அல்ல, ஓவியக் கூடத்தில் வைத்தார் என்பதே முக்கியம். கலைப் பொம்மை என்னும் வகை பிறந்ததை அக்காட்சியிலிருந்தே பலரும் கணக்கிடுகின்றனர்.

அதே 1999 இல் ஜப்பானில் வேறொன்று நிகழ்ந்தது. 'காஸ்' என்னும் புனைபெயர் கொண்ட அமெரிக்க ஓவியர் பிரையன் டானெல்லி, கண்களில் பெருக்கல் குறியிட்ட 'கம்பானியன்' என்ற பொம்மையை டோக்கியோக் கடை ஒன்றுடன் சேர்ந்து 500 படிகள் வெளியிட்டார். 2019 இல் ஹாங்காங் துறைமுக நீரில் 37 மீட்டர் நீளத்தில் மல்லாந்து மிதந்த அதே உருவத்தைக் கரையில் நின்று நாங்களும் பார்த்தோம். சற்றேறக்குறைய அதே வாரங்களில் அவருடைய ஓவியம் ஒன்று அந்நகர ஏலத்தில் 11 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் விலைபோனது. பொம்மை செய்பவர் கலைஞரா என்று அதன்பின் எவரும் எங்களைக் கேட்கவில்லை. பணம் சிலவற்றை விரைவில் நிரூபித்துவிடுகிறது.

வினைல் பொம்மை உருவாகும் விதம் சுவையானது. ஜப்பானியர் அதனைச் 'சோஃபுபி' என்பர். முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மின்முலாம் முறையில் உலோக அச்சு எடுப்பர். அச்சினுள் திரவ வினைலை ஊற்றிச் சுடுகின்ற எண்ணெய்த் தொட்டியில் அமிழ்த்துவர். சுவரை ஒட்டிய பகுதி இறுகியதும், நடுவே எஞ்சிய திரவத்தைக் கவிழ்த்து வடித்துவிடுவர். மீண்டும் சுட்டபின், சூடு தணிவதற்குள் இடுக்கியால் இழுத்தெடுப்பர். பெரிய தலையும் சிறு வாய் வழியே கசங்கி வெளிவந்து, தன் உருவத்தை மீண்டும் பெறும். கையும் காலும் தனித்தனியே வார்த்துப் பொருத்தப்படுவதால், வெந்நீரில் சற்று வைத்தால் மூட்டு இளகிக் கழன்றுவரும். அதேபோல் பொருந்தவும் செய்யும். இதனை அறிந்த நாள் முதல் எங்கள் பொம்மைகள்மீது எங்களுக்கு ஒருவகை நெருக்கமே உண்டாயிற்று.

நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைச் செய்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை, சொல்வாரும் இல்லை. எங்கள் மாடி மூதாட்டியின் கதையும் அதுவே. கலைப் பொம்மையைக் கவிழ்த்தால் உள்ளங்காலில் படைத்தவர் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கக் காணலாம். எங்களுள் ஒருவருக்குச் சேகரிப்பு என்பதே அவ்வுள்ளங்காலில்தான் தொடங்குகிறது. படைத்தவர் பெயர், ஆண்டு, எத்தனை படிகள், எந்தக் கடை, என்ன விலை என்று கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பார். ஓர் ஓவியரைப் பிடித்துவிட்டால், அவர் தொடக்கத்தில் தடுமாறிச் செய்த உருவத்தையும் தேடுவார். தேர்ந்த கையினும் தேடுகின்ற கை அழகு என்பது அவர் கட்சி.

மற்றவர் நோட்டுப் புத்தகத்தைத் தொட்டதில்லை. அவருக்கு வேண்டியது முகம். 2006 இல் கென்னி வோங் என்னும் ஹாங்காங் ஓவியர் படைத்த 'மோலி' என்ற சிறுமி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, அழவும் மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். அம்முகத்தைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று கால்மணி நேரம் பார்த்துவிட்டு, உள்ளே சென்று விலை கேட்காமலே வாங்கிவந்தார். நோட்டுப் புத்தகக்காரர் அவ்வார முழுதும் பேசிய பேச்சை இங்கு எழுதுவதற்கில்லை.

ஜப்பானின் மெடிகாம் டாய் நிறுவனம் 2001 இல் வெளியிட்ட 'பேர்பிரிக்' கரடியைப் பற்றி எங்களிடையே இன்றும் வழக்கு முடிவடையவில்லை. எல்லாக் கரடிக்கும் ஒரே வடிவ உடல், ஒன்பதே உறுப்புகள். மேலே பூசும் வண்ணமும் சித்திரமும் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். இது பொம்மையன்று, பொட்டலத் தாள் என்கிறார் ஒருவர். ஒரே புள்ளிகளை வைத்து நாள்தோறும் வேறு கோலம் இடுவதில்லையா என்கிறார் மற்றவர்.

வேறு வழிகளில் சேர்ப்பவரையும் கண்டிருக்கிறோம். மஞ்சள் நிறப் பொம்மைகளை மட்டுமே வாங்கிய தாதி ஒருவர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் கண்ணுக்கு வெயில் வேண்டும் என்பார். எதை வாங்கினாலும் இரண்டாக வாங்கி, ஒன்றைத் திறந்து, ஒன்றை முத்திரையோடு வைப்பவர் உண்டு. அமெரிக்காவின் கிட்ரோபாட் நிறுவனம் வெளியிட்ட 'மன்னி' என்னும் வெற்று வெள்ளைப் பொம்மையை வாங்கித் தம் கையாலேயே வண்ணம் தீட்டுவோர் உண்டு. ஒன்றையும் திறவாமல் அடுக்கி, மாதந்தோறும் சந்தை விலையைப் பார்த்து மகிழ்வோரும் உண்டு. இக்கடைசி வகையினர் பொம்மையைப் பற்றிப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

எங்கள் வீடு ஏறத்தாழ 400 சதுர அடி. ஆதலால், ஐந்து தட்டுகள் கொண்ட ஒரே ஒரு கண்ணாடி அலமாரிதான் பொம்மைகளுக்கு என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். அது நிறைந்த பிறகு, புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே செல்ல வேண்டும். எது செல்வது என்பதை இருவரும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும். ஒரு பொம்மைக்காக மூன்று மாதம் பேச்சுவார்த்தை நடந்ததுண்டு. வெளியேறுபவற்றை மோங்காக் பகுதிக்கு எடுத்துச் செல்வோம். அங்குள்ள பழைய வணிக வளாகங்களில், சுவர் முழுவதும் சிறு சிறு கண்ணாடி அறைகள் இருக்கும். மாத வாடகை கொடுத்து எவரும் ஓர் அறையைப் பிடித்து, தம் பொருள்களை விலைச்சீட்டோடு வைத்துச் செல்லலாம். ஒவ்வோர் அறையும் முகம் தெரியாத ஒருவருடைய உள்ளத்தைத் திறந்துவைத்ததுபோல் இருக்கும். ஞாயிறு மாலைகளில் வாங்கும் எண்ணம் இல்லாமலே அச்சுவர்களின் முன் உலாவியிருக்கிறோம்.

பெட்டியைத் திறப்பதா, திறவாமல் காப்பதா என்ற வினாவில் மட்டும் எங்களுக்குள் பிணக்கு எழுந்ததில்லை. திறந்தே வைத்தோம். வினைல் மென்மையாக இருப்பதற்காக அதில் ஒருவகை எண்ணெய்ப் பொருளைக் கலக்கின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அது மேற்பரப்புக்குக் கசியும். காற்றோட்டமில்லாத பெட்டியில் அக்கசிவு ஆவியாகிச் செல்ல வழியின்றிப் பிசுபிசுப்பாகப் படியும். திறந்து வைத்து, நேர் வெயில் படாமல் காத்து, அவ்வப்போது வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் கழுவினால் பொம்மை நலமாயிருக்கும். முத்திரை உடையாத பெட்டிக்கே சந்தையில் மதிப்பு என்பதை அறிந்தேதான் உடைத்தோம்.

இனி, எங்கள் வீட்டில் உண்மையாகவே கவலையைக் கொணர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அது மர்மப் பெட்டி. கடைகளில் 'பிளைண்ட் பாக்ஸ்' என்பர். பெட்டிக்குள் எந்தப் பொம்மை இருக்கிறது என்பது வெளியே தெரியாது. ஒரு வரிசையில் பொதுவாக 12 வகை இருக்கும். அவற்றுக்கு அப்பால் 'இரகசியம்' என்று ஒன்று. பெரும்பாலும் 144 பெட்டிக்கு ஒன்று என்ற அளவில் அதைக் கலந்திருப்பர். ஒரு பெட்டியின் விலை நல்ல மதிய உணவு ஒன்றின் விலைதான். அங்கேயே வலை இருக்கிறது.

இது புதுமையன்று என்பதை நம் வாசகர் அறிவர். நாங்கள் சிறுபிள்ளைகளாயிருந்தபோது, பெட்டிக்கடையில் பெரிய அட்டை ஒன்று தொங்கும். ஐந்து காசு கொடுத்தால் அதில் ஒட்டிய சீட்டு ஒன்றைக் கிழிக்கலாம். வருவது பெரும்பாலும் குட்டி பலூன் அல்லது ஒரு மிட்டாய். பெரிய பலூன் மட்டும் அட்டையின் உச்சியிலேயே, பாதிச் சீட்டுகள் தீர்ந்த பிறகும், அசைந்துகொண்டிருக்கும். பெரியவர்களுக்கும் பரிசுச் சீட்டு இருந்தது. தமிழக அரசு அதை 2003 இல் தடை செய்தது. மர்மப் பெட்டியில் கிடைப்பது வெறும் சீட்டன்று, அழகிய பொம்மை என்பது மெய்தான். அதனாலேயே குற்றம் சொல்லத் தயங்குகிறோம்.

எங்களுள் நோட்டுப் புத்தகக்காரர் கணக்குப் போட்டுக் காட்டினார். பன்னிரண்டு வகையும் சம அளவில் கலந்திருக்க, ஒவ்வொரு பெட்டியாக எடுத்து முழு வரிசையையும் சேர்க்க முற்பட்டால், சராசரியாக 37 பெட்டிகள் வாங்க நேரும். அதாவது 25 பொம்மைகள் இரட்டிப்பு. இரகசியப் பொம்மைக்காகத் தனித்தனியே 144 பெட்டிகள் வாங்கினாலும், அது கிடைக்காமற் போவதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதியான வாய்ப்பு உண்டு. முகம் பார்த்து வாங்குபவர் இக்கணக்கைக் கேட்டுவிட்டு, முகம் காட்டாத பொருளை நான் எப்படி வாங்குவேன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். வழி வேறாயினும் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

ஆனால் மகளுக்கு எங்கள் இருவர் வழியும் இல்லை. 2024 இல் அவளுக்கு 13 வயது. அவ்வாண்டில்தான் 'லபுபு' என்ற பெயர் எங்கும் ஒலித்தது. நீண்ட காதும் கூரிய பல்வரிசையும் கொண்ட அவ்வுருவைப் படைத்தவர் காசிங் லுங். ஹாங்காங்கில் பிறந்து, சிறுவயதிலேயே நெதர்லாந்து சென்று வளர்ந்தவர். வட ஐரோப்பிய நாட்டார் கதைகளைப் படித்த நினைவில், 2015 இல் படக்கதைக்காக வரைந்தார். நோட்டுப் புத்தகக்காரருக்கு அப்போதே அவரைத் தெரியும். அன்று அதைக் கேட்பார் அதிகமில்லை. 2019 இல் பெய்ஜிங்கைச் சேர்ந்த பாப் மார்ட் நிறுவனம் உரிமை பெற்றது. 2023 இல் பையில் தொங்கவிடும் உரோமப் பொம்மையாக்கி மர்மப் பெட்டியில் அடைத்தது. 2024 ஏப்ரலில் தாய்லாந்தில் பிறந்த பாடகி லிசா அதனைத் தம் பையில் மாட்டிய படங்கள் பரவின. அதன்பின் கடைகளின் முன் இரவெல்லாம் வரிசை. மறு ஆண்டு பிரிட்டனில் வரிசைகளில் கைகலப்பு நேர்ந்து, கடைகளில் விற்பனையையே சிறிது காலம் நிறுத்தினர். 2025 ஜூனில் 131 சென்டிமீட்டர் உயர லபுபு ஒன்று பெய்ஜிங் ஏலத்தில் 10 இலட்சத்து 80 ஆயிரம் யுவானுக்குச் சென்றது.

வகுப்பில் எல்லாரிடமும் இருக்கிறது என்று மகள் சொன்னாள். எல்லா வகுப்பிலும் எல்லாக் காலத்திலும் பிள்ளைகள் சொல்வதுதான். சீன அரசு 2023 இல் வகுத்த நெறிப்படி 8 வயதுக்குட்பட்டோருக்கு மர்மப் பெட்டி விற்கலாகாது. அதற்கு மேற்பட்ட சிறாருக்குப் பெற்றோர் இசைவு வேண்டும். அந்நெறி எங்கள் வீட்டுக்குப் பயன்படவில்லை. இசைவு கொடுக்க வேண்டிய பெற்றோரே அலமாரி நிறையப் பொம்மை வைத்திருப்பவர்கள். வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உன் சேமிப்பில் வாங்கு. ஒரே ஒரு முறை. எது வந்தாலும் அதுவே உனது, மாற்றுவதும் மீண்டும் முயல்வதும் இல்லை என்றோம். அல்லது மோங்காக் கண்ணாடி அறைகளில், முகம் பார்த்து, விலை பார்த்து எடுத்துக்கொள் என்றோம். இரண்டு நாள் யோசித்தாள். பிறகு எங்களோடு மோங்காக் வந்து, மூன்று வளாகங்களையும் சுற்றி, எல்லா அறைகளிலும் மலிவாகக் கிடந்த பழுப்பு நிற உருவம் ஒன்றைச் சுட்டிக்காட்டினாள். பெட்டியைத் திறந்த எவரும் வேண்டாமென்று விற்றுவிடும் நிறம் அது. நீ கேட்டது இளஞ்சிவப்பு அல்லவா என்று வினவினோம். இதை எல்லாரும் திருப்பித் திருப்பி விற்கிறார்கள், பாவம் என்றாள். படைத்தவரை நோக்குவதும் முகத்தை நோக்குவதும் எங்களுக்குத் தெரியும். இம்மூன்றாம் வழி எங்களுக்குத் தோன்றியதே இல்லை. அன்று முதல் அவளும் அலமாரிக் குழுவில் ஓர் உறுப்பினர். வெளியேற்றும் தீர்மானங்கள் அதன்பின் இன்னும் தாமதமாயின.

ஊர் திரும்பும் நாள் குறித்தபோது அலமாரியில் 86 உருப்படிகள். விமானச் சுமைக் கணக்கில், மற்றப் பொருள்கள் போக, 30க்குத்தான் இடம். மூவரும் ஆளுக்கு எட்டு தெரிவு செய்தோம். மீதி ஆறு பொதுவில். அவ்வாறில் ஒன்று மைக்கேல் லாவ் படைத்த உருவம். 2007 இல் பழைய விலைக்கு வாங்கியது. வணிகர் ஒருவர் அதை மட்டும் தனியே எடுத்து, விளக்கின் கீழ்த் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு விலை சொன்னார். எங்கள் வீட்டு வாடகையில் ஐந்து மாதத்துக்கு ஈடான தொகை. ஊரில் வீட்டைப் பழுதுபார்க்கும் செலவு காத்திருந்தது. ஒத்துக்கொள்ளும் நிலையில்தான் இருந்தோம். பிறகு அவர் காலணியின் நுனியைக் கண்டார். சிறு பற்குறிகள் நான்கு. மகளுக்குப் பல் முளைத்த பருவத்தில், மேசை ஓரத்தில் இருந்ததை எப்படியோ எட்டிப் பிடித்துக் கடித்தது. இக்குறைக்கு மூன்றிலொரு பங்கு கழிக்க வேண்டும் என்றார் வணிகர். அவர் நேர்மையாகத்தான் சொன்னார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்; பொம்மையைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தோம். வீட்டுக் கூரையை அடுத்த ஆண்டுதான் பழுதுபார்க்க முடிந்தது. இரண்டு மழைக்கு வாளி வைத்தோம்.

திருச்சி வெயில் இப்பொம்மைகளுக்கு ஆகாது. சித்திரை பிறந்ததும் சில உருவங்கள் பிசுபிசுக்கத் தொடங்கின. மேல்தட்டை விட்டுக் கீழ்த்தட்டுக்கு இறக்கினோம். மேற்குச் சாளரத்துக்குத் திரையிட்டோம். வெள்ளியன்று காலையில் மகள் சவர்க்கார நீரில் ஒவ்வொன்றாகக் கழுவி நிழலில் உலர்த்துகிறாள். தெருவில் செல்வோர் சற்று நின்று பார்த்துவிட்டுச் செல்கின்றனர்.

சென்ற விடுமுறையில் அத்தை தம் பேரனோடு வந்திருந்தார். நான்கு வயதுச் சிறுவன். பெரியவர்கள் உணவு மேசையில் இருந்தபோது அலமாரியைத் திறந்து, மைக்கேல் லாவின் உருவத்தை வெளியே எடுத்து, தரையில் ஓட்டி, சுவரில் மோதி, ஒரு கையைப் பிடுங்கியும்விட்டான். பிடுங்கிய கையைத் தூக்கிக்கொண்டு அவனே அழுதவண்ணம் வந்தான். எங்களுள் ஒருவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். அதற்குள் மகள் அடுக்களையிலிருந்து ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து, அவனைத் தன் அருகில் உட்காரவைத்து, எண்ணு பார்க்கலாம் என்றாள். அவன் முப்பது வரை எண்ணினான். பதினாறை இரண்டு முறை சொன்னான். பிறகு தோளை நீரிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்து, இங்கே வைத்து அழுத்து என்றாள்.